படத்தின் முதுகில் இருந்த ஊர்

சூர்யகலா எங்கள் உப்பளத்து வரப்பில் வந்து நின்றது ஒரு மாசி மாதம். பாத்தித் தரையை மிதித்து இறுக்கி முடித்து, முதல் உப்பு வாரத் தொடங்கியிருந்த நேரம். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஏழு வயதுப் பெண் குழந்தை வினோதினி. மேஸ்திரி கேட்டார், "முன்ன உப்பு வேலை செஞ்சிருக்கியாம்மா?" செஞ்சிருக்கேன் என்றாள். பொய். அன்று பத்து மணிக்கே அவள் பாதம் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொன்னாலும் கூடையைக் கீழே வைக்கவில்லை. அதனால் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. என் வீட்டுப் பக்கத்து அறையில் உப்பு மூட்டைச் சாக்குதான் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு, இங்கேயே இரு என்றேன்.

முதல் நாள் அவள் என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"பெரிம்மா, இங்க பொம்பளைங்க எல்லாரும் மூஞ்சிய மூடிக்கினுதான் வேல செய்வீங்களா?"

"வெயிலுடி. மேலருந்து ஒரு வெயிலு, கீழ உப்புல பட்டு எகிர்றது ஒரு வெயிலு. துண்ட கட்டலன்னா தோலு உரிஞ்சிடும்."

நாங்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையோடு சேர்த்து முகத்தைத் துண்டால் சுற்றிக்கொள்வோம். கண் மட்டும்தான் தெரியும். பெற்ற பிள்ளைகூட எட்ட இருந்து அடையாளம் சொல்ல மாட்டான். அவள் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல எடம்" என்றாள். வெயிலில் கண் கூசுகிற இந்த இடத்தை நல்ல இடம் என்று ஒருத்தி சொல்லி அன்றுதான் கேட்டேன்.

காரணம் பிறகு சொன்னாள். ஆரணிப் பக்கம் அவள் வீடு. புருஷன் பெயர் மோகன். குடிக்காத நாளிலும் அடிக்கிறவன். அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது. அது அவன் கை. மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். மூன்று முறையும் இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவனோடேயே அனுப்பி வைத்திருக்கிறார்கள். நான்காம் முறை அவன் கத்தியை எடுத்தபோது அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். திண்டிவனத்தில் இறங்கி, அடுத்து நின்ற பஸ்ஸில் ஏறி, அது போய் நின்ற இடம் மரக்காணம். இப்படித்தான் எங்கள் ஊர் அவளுக்கு ஊரானது.

ஆறு வருஷம் இருந்தாள். அவளைப் போல் உப்பு வாரிய பொம்பளை எங்கள் கூட்டத்தில் இல்லை. வாருபலகையைப் பிடித்தால் பாத்தியின் மண் ஒரு துளி மேலே வராது, உப்பு மட்டும் வெள்ளையாக வரும். வாயும் சும்மா இருக்காது. மேஸ்திரி நடக்கிற நடையை நடந்து காட்டி வரப்பெல்லாம் சிரிக்க வைப்பாள். ஆனால் யாராவது போனைத் தூக்கிப் படம் எடுக்க நின்றால் அவள் அங்கே இருக்க மாட்டாள். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் வந்தால் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கிற அன்று வினோதினிக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. மோகனுக்கு இந்த ஊர் தெரியக் கூடாது. அவள் உயிர் அந்த ஒன்றில்தான் இருந்தது.

போன பங்குனியில் வினோதினி வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும், சீர் கொண்டு வர வேண்டும். மாமன் இல்லாத சடங்கு எண்ணெய் இல்லாத விளக்கு. சூர்யகலாவுக்கு அண்ணன் இருக்கிறான், சிவப்பிரகாசம் என்று பெயர். அவனைக் கூப்பிட முடியுமா? என் மகன் மணிகண்டன்தான் மாமனாக நின்று ஓலை வெட்டினான். உப்பு ஏற்றுகிற சின்ன வண்டி ஓட்டுகிறவன், ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து குடிசை கட்டினான்.

பேனர் வைக்கலாம் என்றான். சூர்யகலா கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாண்ணா. கூட்ரோட்டுல எம் பொண்ணு மூஞ்சி நிக்கவே கூடாது." சரி என்று விட்டுவிட்டோம்.

தண்ணீர் ஊற்றிய அன்று அந்தப் பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறைய பூ வைத்து நிறுத்தியபோது, நான்தான் ஆரம்பித்தேன். யார் மேலும் பழி போட மாட்டேன். நான்தான்.

"ஏண்டி கலா, உங்கம்மாவுக்கு இத காட்ட வேணாமா?"

"வேணாம் பெரிம்மா."

"பெத்தவ உசுரோட இருக்கறா. பேத்தி ஆளான கோலத்தப் பாக்காம அந்தக் கட்ட வேவுமா?"

"அம்மாவோட போனுல அண்ணன் பாப்பான்."

"பாக்கட்டும். படத்துல என்ன ஊர் பேரா எழுதியிருக்குது?"

நான் விடவில்லை. நான் ஒன்றைப் பிடித்தால் விடாதவள். என் வீட்டுக்காரர் சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாள் விடாமல் பேசினேன். மூன்றாம் நாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே ஒரு படம்" என்றாள்.

அந்த ஒரு படத்துக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தெருவே கூடிவிட்டது. உப்பு அம்பாரம் தெரியக் கூடாது, கடலோரம் என்று கண்டுபிடித்துவிடுவான். தண்ணித் தொட்டி தெரியக் கூடாது, அதில் பஞ்சாயத்துப் பெயர் இருக்கிறது. மணிகண்டன் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம், பின்னால் மரக்காணம் என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டு சகாயமேரி ஓடிவந்து, "யக்கா, செவுத்துல காலண்டரு, நகைக்கடக்காரன் பேரு ஊரோட இருக்குது பாரு" என்று அதையும் கழற்றினாள். கடைசியில் என் வீட்டின் கிழக்குச் சுவர், நீலம் அடித்த சுவர், ஆணி கூட இல்லாதது, அதன் முன்னால் பெண்ணை நிறுத்தினோம். மணிகண்டன் தன் போனில் எடுத்தான். நான் வாங்கிப் பார்த்தேன். பெண்ணும் சுவரும். வேறே ஒன்றுமில்லை.

"இது எந்த ஊருன்னு அந்தப் பெருமுக்கல் மலை மேல இருக்கற சாமியாலயும் சொல்ல முடியாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சூர்யகலாவும் சிரித்தாள்.

மணிகண்டன் போன் நம்பர் அவன் முன்பு சென்னையில் வேலை செய்தபோது வாங்கியது. அதை வைத்தும் ஊர் தெரியாது என்று அதையும் யோசித்துத்தான் அனுப்பச் சொன்னோம். அவன் அனுப்பினான். எப்படி அனுப்பினான் என்பதில்தான் எல்லாம் இருந்தது, அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஜெயசீலன் என்று ஒருவன் ரோட்டோரம் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, சாவு, பிறந்தநாள், எல்லாம் அவன் கடையில்தான். போனில் படத்தைப் படமாக அனுப்பினால் திட்டுவான். "பெருசு பண்ணா மூஞ்சி மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிடும். டாக்குமெண்ட்ல போடுங்கப்பா" என்பான். அப்படியே பழகிவிட்டது. கன்றுக்குட்டி படமானாலும் எங்கள் தெருவில் டாக்குமெண்டாகத்தான் போகும். வினோதினி படமும் அப்படியே போனது, ஒரு புள்ளி குறையாமல், முழுசாக.

ஐந்தாம் நாள், உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தோம். மணிகண்டன் போன் அடித்தது. சூர்யகலாவின் அம்மா. குரலே வரவில்லை, மூச்சுதான் வந்தது. சூர்யகலா நல்ல காதில் வைத்துக் கேட்டாள், நானும் ஒட்டி நின்று கேட்டேன்.

"கலா, நீ மரக்காணத்துலயா இருக்கற?"

அவள் கையிலிருந்த சொம்பு அப்படியே நின்றது. "யாரும்மா சொன்னா?"

"அண்ணன்தான் சொல்றான். அந்தப் போட்டோவுல இருக்குதாம். தெரு மொதக்கொண்டு காட்டுதாம்."

"அதுல ஒண்ணும் இல்லியேம்மா. செவுருதான இருக்குது."

"எனக்கென்னா தெரியும். மாப்பிள்ளைக்கும் அனுப்பிட்டான்டி. பொண்ணு பெரியவளாயிட்டா, அப்பன் இல்லாம எப்டி, சேத்து வச்சிடலாம்னு நல்லதுக்குத்தான் செய்யறேங்கறான். நான் அழுதன், கேக்கல."

அவ்வளவுதான். அதற்குள் யாரோ வருகிற சத்தம், போனை வைத்துவிட்டாள்.

படத்தில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் கண்ணால் பார்த்தேன். எழுத்துத்தான் தெரியாதே தவிர எனக்குக் கண் இருக்கிறது. மணிகண்டனையும் சூர்யகலாவையும் இழுத்துக்கொண்டு ஜெயசீலன் கடைக்குப் போனேன்.

அவன் படத்தை வாங்கி விரலால் மேலே ஒரு தள்ளு தள்ளினான். படம் ஏறிப் போனது. அடியிலிருந்து வேறொன்று வந்தது. நாளும் நேரமும் எழுதியிருக்கிறது என்றான். எந்தப் போனில் எடுத்தது என்று எழுதியிருக்கிறது என்றான். அதற்கும் கீழே ஒரு சின்னப் படம். வெள்ளைக் கட்டம் கட்டமாக உப்பளம், வளைந்து போகிற வாய்க்கால், வாய்க்கால் ஓரம் எங்கள் தெரு. பறவை பார்க்கிற மாதிரி. தெருவின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு குத்தியிருந்தது. வாழ்நாளில் ஓர் எழுத்துப் படித்ததில்லை நான். அதைப் படித்துவிட்டேன். பொட்டு குத்தியிருந்தது என் வீடு.

"இது எப்டிடா உள்ள வந்துச்சு?"

"கேமராவே எழுதிக்கும்மா. லொக்கேஷன் ஆன்ல இருந்தா எந்த எடத்துல நின்னு எடுத்தமோ அத படத்துக்குள்ள வச்சிடும். வெளிய பாத்தா தெரியாது."

மணிகண்டன் முகம் செத்துப்போனது. உப்பு வியாபாரிக்கு லோடு எங்கே இறங்கியது என்று தினம் படம் அனுப்ப வேண்டும், இடத்தோடு. அதற்காக அதை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறான்.

"அப்ப எல்லாரு படத்துலயும் போவுதா?" என்றாள் சூர்யகலா.

"சும்மா போட்டோவா அனுப்பனா வாட்ஸ்அப்பு அத எடுத்துட்டுத்தான் அனுப்பும். டாக்குமெண்ட்ல போட்டா எல்லாத்தோட அப்டியே போயிடும்."

"நீதானடா டாக்குமெண்ட்ல போடச் சொன்னவன்" என்றேன்.

"பேனருக்குச் சொன்னம்மா. ஊருக்கெல்லாமா சொன்னேன்?"

"ஊரெல்லாம் உன் பேனர்தானடா."

அவன் தலை குனிந்துகொண்டான். நல்ல பிள்ளைதான். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினான். கேமராவில் எந்த இடத்தை அமுக்கினால் இனிமேல் எழுதாது, எடுத்த படத்தில் எதை அமுக்கினால் எழுதியது அழியும். விரலால் இரண்டு தட்டு. சிவப்புப் பொட்டு போய்விட்டது, வெறும் படம் நின்றது. இவ்வளவுதானா என்றேன். இவ்வளவுதான் என்றான்.

"அப்ப அங்கியும் போயிடுச்சில்ல?"

"இல்லம்மா. உங்க போன்ல இருக்கறதுதான் போச்சு. அவங்ககிட்ட போனது அவங்ககிட்டதான் இருக்கும்."

"இங்கருந்து ஒண்ணும் பண்ண முடியாதா?"

"அனுப்பன கையோட அழிச்சிருந்தா ஒருவேள... இப்ப பாத்துட்டாங்களே."

நான் அங்கேயே நின்று அவனைத் திட்டினேன், மணிகண்டனைத் திட்டினேன், போனைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். சூர்யகலா என் தோளைத் தொட்டாள். "வா பெரிம்மா. இனிமே பேசி என்னா."

அடுத்த இரண்டு நாள் தெரு மொத்தமும் போனைத் தூக்கிக்கொண்டு ஜெயசீலன் கடையில் நின்றது, எங்களுக்கும் அமுக்கிக் கொடு என்று. அவர்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. தேவைப்பட்டவளுக்கு அது உதவவில்லை.

கடையிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே சூர்யகலா துணியை மடிக்கத் தொடங்கினாள். நான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கியும் போவக் கூடாது. வரட்டும் அவன். இந்தத் தெருவத் தாண்டி உன்ன தொட்டுடுவானா? ஊரே நிக்கும்."

"ஊரு எத்தினி நாளு நிக்கும் பெரிம்மா? விடியறதுக்கு முன்ன எல்லாரும் அளத்துக்குப் போயிடுவீங்க. அவனுக்கு ஒரு நாளு போதும்."

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கலாம்."

"மூணு வாட்டி குடுத்தன்."

"இது வேற ஸ்டேஷன்டி."

"அவன் அதே மோகன்தான."

அப்போதும் நான் விடவில்லை. கூனிமேட்டில் எனக்குத் தெரிந்த பாய் வீட்டில் விடுகிறேன் என்றேன். குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். எல்லாம் பஸ்ஸில் அரைமணி தூரம் என்றாள். சரி, எங்கே போகிறாய், அதையாவது சொல் என்றேன். துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டன் பெரிம்மா."

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"உன் மேல இருக்குது. உனக்குத் தெரிஞ்சா மனசு கேக்காது. ஒரு நாளைக்கு எங்கம்மாவுக்குச் சொல்லணும்னு தோணும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. படம் அனுப்பச் சொன்னதே அந்த மனசுதானே.

வினோதினி பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "ஆயா, இன்னும் ரெண்டு பரீட்ச இருக்குது" என்று என்னிடம் வந்து நின்றாள். அம்மாவிடம் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். நான் அவள் தலையை வாரிவிட்டேன். வேறென்ன செய்வேன்? நான்கு மணி பஸ்ஸில் ஏறினார்கள். சடங்குக்கு எடுத்த பட்டுப் பாவாடையை எடுத்துப் போகவில்லை, பை கனக்கும் என்று. டி.சி.யும் வாங்கவில்லை. அதை வாங்கினால் அடுத்த பள்ளிக்கூடம் எது என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயம். சன்னலோரம் உட்கார்ந்த சூர்யகலா, உப்பளத்துக்குப் போகிற மாதிரியே துண்டால் முகத்தைச் சுற்றியிருந்தாள்.

அவர்கள் போன மூன்றாம் நாள் இரண்டு பேர் தெருவில் நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் யாரையும் வழி கேட்கவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே வந்து, என் நீலச் சுவருக்கு முன்னால், அந்தப் பெண் நின்ற இடத்தில் நின்றான். நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். பின்னால் வந்த சிவப்பிரகாசம் தாம்பாளத்தில் புடவை, பழம், வளையல் வைத்து மூடி எடுத்து வந்திருந்தான். தாய்மாமன் சீர்.

"சூர்யகலா இல்லீங்களாம்மா?" என்றான் மோகன். குரல் அவ்வளவு சாந்தம்.

"இல்ல."

"உப்பளத்துக்குப் போயிருக்குதா? இருந்து பாத்துட்டுப் போறோம்."

"ஊரவிட்டே போயிட்டா."

"எங்க போச்சு?"

"தெரியாது."

அவன் என்னையே பார்த்தான். நானும் பார்த்தேன். நான் பொய் சொல்வதாக அவன் நினைத்தான். பொய் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சகாயமேரியும் நான்கைந்து பேரும் வந்து வாசலில் நின்றார்கள். அவன் பக்கத்து அறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். கொடியில் ஒன்றுமில்லை. அங்கே கிடந்த வாருபலகையை ஒரு உதை உதைத்தான். அந்த ஒரு உதையில் சிவப்பிரகாசம் முகம் மாறியதை நான் பார்த்தேன். தங்கை ஆறு வருஷம் முன்பு சொன்னதை அவன் அன்றைக்குத்தான் நம்பினான்.

மோகன் போன பிறகு சிவப்பிரகாசம் தாம்பாளத்தை என் வாசலில் வைத்தான்.

"எப்பவாவது வந்தா குடுங்கம்மா."

"எடுத்துக்கினு போ" என்றேன். "எங்க வச்சிக் குடுப்பேன்?"

அவன் எடுக்கவில்லை. பழத்தைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். புடவையும் வளையலும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

ஆவணியில் மணிகண்டன் போனுக்கு ஒரு படம் வந்தது, தெரியாத நம்பரிலிருந்து. வினோதினி. ஒரு சுவருக்கு முன்னால் நிற்கிறாள். எழுத்து ஒன்றுமில்லை. அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தால் போகவில்லை. நான் மணிகண்டனை ஜெயசீலன் கடைக்குக் கூட்டிப் போனேன். எதற்கு என்று அவன் கேட்டான். சும்மா வா என்றேன். ஜெயசீலன் விரலால் மேலே தள்ளினான். கீழே ஒன்றும் வரவில்லை.

"நல்லா பாரு."

"பாத்துட்டம்மா. எடம் இல்ல, எடுத்த நாளு இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

போன வாரம் சிவப்பிரகாசம் போன் செய்தான். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், சோறு இறங்கவில்லை, பேத்தியைப் பற்றியே பேசுகிறாள், ஏதாவது தெரியுமா என்று. தெரியாது என்றேன். அவன் அழுதான். "ஒரு படமாவது இருந்தா அனுப்புங்கம்மா. இந்தத் தடவ யாருக்கும் காட்ட மாட்டன்." மணிகண்டன் என் முகத்தைப் பார்த்தான். படம் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஜெயசீலன் இரண்டு முறை பார்த்துவிட்டான். ஆனால் முன்பும் சுத்தமாக இருக்கிறது என்று நான்தானே சொன்னேன்?

"படம் அனுப்ப மாட்டன்" என்றேன். "போனக் கொண்டுபோயி அம்மா காதுல வையி."

வைத்தான். மூச்சு கேட்டது. மணிகண்டனிடம் படத்தைத் திறந்து என் முன்னால் பிடிக்கச் சொன்னேன். பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.

"வளந்துட்டா. கலா தோளுக்கு மேல இருப்பா. ரெட்ட சடை போட்டிருக்கறா, செவப்பு ரிப்பன். காதுல சின்னத் தோடு. கொஞ்சம் கறுத்துட்டா, ஆனா மூஞ்சி தெளிவா இருக்குது. சிரிக்கல, சிரிக்கப் போற மாதிரி இருக்கறா. கையில ஒரு நோட்டு வச்சிருக்கறா. படிக்கறாப் போல."

"பின்னாடி என்னா இருக்குது?" என்றாள் அந்த அம்மா. நூல் மாதிரிக் குரல்.

"செவுரு."

"என்னா கலரு செவுரு?"

அந்த அம்மாவின் காதோரம், அதே போனுக்குப் பக்கத்தில், சிவப்பிரகாசம் குனிந்திருப்பான். எனக்குத் தெரியும். சுவரின் நிறத்தை வைத்து யாரும் ஊரைக் கண்டுபிடித்துவிட முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

"கண்ணு சரியா தெரியலம்மா" என்று சொல்லிவிட்டேன்.